ஜெயிக்க வேண்டிய வழக்கை விட்டுக்கொடுத்தவர்... காரைக்குடி ஏவி.மெய்யப்பன்!

ஆபீஸ்ல ஒரு புது ஆள் சேர்கிறார். முதல் வாரமே முதலாளிக்கு அவரைப் பிடிக்கவில்லை. ரொம்ப ஒல்லியா இருக்கார், இந்த வேலைக்குச் செட் ஆக மாட்டார், வேற ஆளைப் பாருங்க என்கிறார். ஆனால், அந்தப் புது ஆளைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தவர் நகர மறுக்கிறார். இவர்தான் வேணும், இல்லைன்னா இந்த வேலையே வேண்டாம் என்கிற அளவுக்கு நிற்கிறார். நடுவில் மாட்டிக்கொண்ட டீம், யார் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் முழிக்கிறது.

உங்க ஆபீஸ் கதை மாதிரி இருக்கா? இது நடந்தது 70 வருஷத்துக்கும் முன்னால், சென்னை ஏவி.எம் ஸ்டுடியோவில். அந்த முதலாளி, காரைக்குடிக்காரரான ஏவி.மெய்யப்ப செட்டியார். அந்த ஒல்லியான புது ஆள், நாடகத்தில் இருந்து வந்த வி.சி.கணேசன். நாம் சிவாஜி கணேசன் என்று சொல்கிறோமே, அவர்தான். படம், 'பராசக்தி'.

அந்தச் சண்டையில் தோற்றது முதலாளி. தோற்ற பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் சுவாரஸ்யம். ஆனால், அதற்கு முன்னால் இந்த மனுஷன் எங்கிருந்து வந்தார் என்று தெரிஞ்சுக்கணும். ஏன்னா, சண்டை போடுறதும் அதை முடிக்கிறதும் அவர் சினிமாவுக்கு வந்து கத்துக்கிட்ட விஷயம் இல்லை.

பெட்டியடியில் உட்கார்ந்து கற்ற பாடம்

மெய்யப்பன் பிறந்தது 1907 ஜூலை 28-ல், காரைக்குடியில். அப்பா ஆவிச்சி செட்டியார். பெயருக்கு முன்னால் வரும் 'ஏவி' அவரிடமிருந்து வந்ததுதான். காரைக்குடியில் 'ஏவி அண்டு சன்ஸ்' என்று ஒரு கடை வைத்திருந்தார்கள். மெய்யப்பனும் சின்ன வயசிலேயே அந்தக் கடைக்கு வந்துவிட்டார். கிராமபோன் ரெக்கார்டு விற்கும் வேலை அங்கேதான் பழக்கமானது.

செட்டிநாடு என்றதும் நமக்கு ஆயிரம் ஜன்னல் வீடும், பர்மாத் தேக்குத் தூணும், இன்ஸ்டாவில் வரும் ஆத்தங்குடி டைல்ஸும், ஹோட்டல் போர்டில் இருக்கும் செட்டிநாடு சிக்கனும்தான் ஞாபகம் வரும். ஆனால், அந்த வீடுகளையெல்லாம் கட்டிய பணம் எப்படி வந்தது என்பது வேறு கதை. பர்மா, மலேயா, சிலோன் என்று போய் லேவாதேவிக் கடை நடத்திய நகரத்தார், அந்தக் கடைகளை ஓர் ஒழுங்கில் வைத்திருந்தார்கள். மேலே ஏஜென்ட், அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். அந்தப் பையன் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேரேடு எழுதக் கற்றுக்கொள்வான். கூடவே பெரியவர்கள் கடன்காரரிடம் எப்படிப் பேசுகிறார்கள், எங்கே கறாரா இருக்கிறார்கள், எங்கே விட்டுப்பிடிக்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருப்பான். அதுதான் அவனுக்கு இன்டர்ன்ஷிப்.

கூட்டு வியாபாரம்னா தகராறு வராமல் இருக்குமா? வரும். பங்காளிச் சண்டை, கணக்குச் சண்டை, அண்ணன் தம்பி பிரிவினை எல்லாம் வரும். கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும், பணமும் போகும், ஊரில் பெயரும் போகும். அதனால் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பதைத்தான் முதல் வழியாக வைத்திருந்தார்கள். வட்டிக் கணக்குப் போடத் தெரிந்த சமூகத்துக்கு, சண்டைக்கும் ஒரு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. நாள் ஆக ஆக அது ஏறும். மெய்யப்பன் வாழ்க்கையில் பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது, அவரும் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1930-களின் தொடக்கத்தில் கூட்டாளிகளோடு சேர்ந்து சென்னையில் 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' ஆரம்பித்தார். கிராமபோன் ரெக்கார்டு வியாபாரம் நன்றாகப் போனது. பேசும்படம் வந்ததும் சினிமாவில் இறங்கினார். 1935-ல் 'அல்லி அர்ஜுனா', படுதோல்வி. அடுத்து 'ரத்னாவளி', அதுவும் அவுட். இந்த இடத்தில் பலர் ஊருக்கு பஸ் ஏறியிருப்பார்கள். இவர் கூட்டாளிகளோடு 'பிரகதி' என்ற பெயரில் மறுபடி படம் எடுத்தார். 1938-ல் 'நந்தகுமார்', 1940-ல் தெலுங்கில் 'பூகைலாஸ்', 1941-ல் 'சபாபதி'. இந்த 'சபாபதி'யை இன்னும் பார்க்காதவர்கள் யூடியூபில் தேடிப் பாருங்க. முதலாளி பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. ரெண்டு பேருக்கும் புத்தி ஒரே அளவு. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் மாணவனும் மல்லுக்கட்டும் காட்சிகளுக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

1945-ல் 'ஸ்ரீவள்ளி'. படம் தயாரான பிறகு, கதாநாயகி குமாரி ருக்மணி பாடியிருந்த பாட்டுகள், கூடப் பாடிய டி.ஆர்.மகாலிங்கத்தின் குரலுக்கு ஈடு கொடுக்கவில்லை என்று மெய்யப்பனுக்குத் தோன்றியது. பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து, ஏற்கெனவே எடுத்த காட்சிகளில் உதட்டசைவுக்குப் பொருத்தி மாற்றிவிட்டார். படம் பெரிய ஹிட். தொழில்நுட்பச் சாதனை என்று இன்றுவரை இதைச் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால், தான் பாடிய பாட்டை இன்னொருவர் குரலில் தியேட்டரில் கேட்ட ருக்மணிக்கு அது எப்படி இருந்திருக்கும்? அந்தப் பக்கத்துக் கதையை யாரும் பெரிசா எழுதவில்லை. மெய்யப்பன் ரிசல்ட்டுக்காக யார் மனசு நோகும் என்று பார்க்காமல் வெட்டுகிற ஆளாகவும் இருந்தார். அதை மறைச்சுட்டு அவர் கதையைச் சொன்னால் அது விளம்பரம் ஆகிடும்.

தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு ஸ்டுடியோ

1945 அக்டோபரில் 'ஏவி.எம் புரொடக்‌ஷன்ஸ்' தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. சென்னையில் புது ஸ்டுடியோவுக்கு இடமும் மின்சாரமும் கிடைப்பது குதிரைக்கொம்பு. யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார் மெய்யப்பன். சொந்த ஊருக்கே திரும்பினார். காரைக்குடி பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில், ஒரு நாடகக் கொட்டகையையும் சுற்றியிருந்த இடத்தையும் வாடகைக்குப் பிடித்து அங்கேயே ஸ்டுடியோ போட்டார். கீற்றுக் கொட்டகைகள்தான் ஆபீஸும் குடியிருப்பும். நடிகர்கள், டெக்னீஷியன்கள் எல்லாரும் அங்கேயே தங்கினார்கள்.

ஒரே இடத்தில் வேலை, சாப்பாடு, தூக்கம். சென்னையை விட்டு இவ்வளவு தூரம் வந்து, ராமநாதபுரம் ஜில்லா வெயிலில் (அப்போது சிவகங்கை தனி மாவட்டம் கிடையாது) மாசக்கணக்கில் ஒரு டீம் ஒண்ணா இருந்தால் என்ன ஆகும் என்று ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பக்கெட்டுக்குக்கூட சண்டை வரும். ஆனாலும், அங்கிருந்து படம் வெளியே வந்தது.

அந்தப் படம் 'நாம் இருவர்'. ப.நீலகண்டன் எழுதி, என்.எஸ்.கிருஷ்ணன் நாடகக் குழு போட்டுக்கொண்டிருந்த 'தியாக உள்ளம்' நாடகத்தின் சினிமா வடிவம். மெய்யப்பனே இயக்கினார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த வி.கே.ராமசாமி, கிழவர் வேஷம் கட்டி அறிமுகமான படமும் இதுதான். 1947 பொங்கலுக்கு ரிலீஸ். சுதந்திரம் கதவைத் தட்டிக்கொண்டிருந்த நேரம். படத்தில் பாரதியார் பாட்டுகள். டி.கே.பட்டம்மாள் குரல். பேபி கமலாவின் நடனம். ஊரே கொண்டாடியது.

அந்தப் பாட்டுகளில்தான் மெய்யப்பன் வாழ்க்கையின் பெரிய சண்டை ஒளிந்திருந்தது.

பாரதி யாருக்குச் சொந்தம்?

பாரதியார் 1921 செப்டம்பரில் இறந்தபோது குடும்பத்துக்கு அவர் விட்டுப்போனது கவிதைகள் மட்டும்தான். மனைவி செல்லம்மா அவற்றைப் புத்தகமாகப் போடப் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் அச்சிடும் உரிமை பாரதியின் தம்பி சி.விசுவநாதன் கைக்குப் போனது. ரெக்கார்டு, ஒலிபரப்பு மாதிரியான உரிமை தனியாகப் பிரிந்து, 1930-களில் ஜெய்சிங்லால் மேத்தா என்ற வியாபாரியிடம் சில நூறு ரூபாய்க்குப் போனது. அப்போது அதற்கு என்ன மதிப்பு வரும் என்று யாருக்கும் தெரியாது.

மெய்யப்பன் ரெக்கார்டு வியாபாரத்தில் ஊறியவர். பாட்டுக்கு உரிமை என்று ஒன்று இருக்கிறது, அதற்கு விலை இருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. மேத்தாவிடம் சுமார் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து அந்த உரிமையை வாங்கினார். பிறகுதான் தன் படத்தில் பாரதி பாட்டை வைத்தார். சட்டப்படி எல்லாம் சுத்தம்.

1948-ல் 'பில்ஹணன்' என்று ஒரு படம் வந்தது. நாடக உலகில் பெரிய பெயர் எடுத்த டி.கே.எஸ் சகோதரர்களின் படம். ஹீரோ டி.கே.சண்முகம். பின்னால் 'ஔவை' சண்முகம் என்று ஊர் கூப்பிட்டதே, அவர். அந்தப் படத்தில் ஒரு பாரதி பாட்டு இருந்தது. மெய்யப்பனிடம் அனுமதி வாங்கவில்லை. மெய்யப்பன் தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. பாரதி பாட்டு நாட்டுக்குச் சொந்தம், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்ற நிலையில் சண்முகம் உறுதியாக நின்றார். விவகாரம் வழக்காக ஆனது.

இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நின்று பாருங்க. மெய்யப்பன் காசு கொடுத்து வாங்கிய சொத்து அது. நாளைக்கு இன்னொருத்தர், நாளான்னைக்கு வேறொருத்தர் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டால் அவர் கொடுத்த பத்தாயிரத்துக்கு என்ன அர்த்தம்? சண்முகமோ மேடையில் தேசபக்திப் பாட்டுப் பாடி வளர்ந்தவர். பிரிட்டிஷ் ஆட்சி தடை போட்ட கவிஞனின் பாட்டைச் சுதந்திர இந்தியாவில் பாட ஒரு கம்பெனியின் பர்மிஷன் வேண்டுமா? ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான். தப்பு பண்ணவன் ஒருத்தன், பாதிக்கப்பட்டவன் ஒருத்தன் என்று இருந்தால் தீர்ப்பு சொல்வது ஈஸி. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற சண்டைதான் வருஷக்கணக்கில் ஓடும்.

இதற்குள் விஷயம் ரெண்டு பேர் கையை விட்டுப் போயிருந்தது. 1947 அக்டோபரில் எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் திறந்தபோதே, பாரதியை மக்கள் சொத்தாக்கணும் என்ற குரல் எழுந்திருந்தது. அங்கே அப்படி முழங்கியவர்களில் ஒருவர் ஜீவா. காரைக்குடிப் பக்கம் சிராவயலில் ஆசிரமம் நடத்தி, 1927-ல் காந்தியை அங்கே வரவழைத்த அதே ப.ஜீவானந்தம். அடுத்த வருஷம் வ.ரா தலைமையில் எழுத்தாளர்கள் 'பாரதி விடுதலைக் கழகம்' ஆரம்பித்தார்கள். பெயரைக் கவனியுங்க. விடுதலை என்றால் யாரோ சிறை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த 'யாரோ'வாக ஊர் கண்ணுக்குத் தெரிந்தவர்களில் ஒருவர் மெய்யப்பன். இன்றைக்கு நடந்திருந்தால் ஒரு வாரத்துக்கு ட்ரெண்டிங்கில் வைத்துச் செய்திருப்பார்கள்.

இந்த நிலைமையில் ஒரு தொழிலதிபர் என்ன செய்வார்? கையில் பத்திரம் இருக்கிறது. வழக்கு இருக்கிறது. வக்கீல் வைக்க வசதி இருக்கிறது. ஜெயிக்க வாய்ப்பும் இருக்கிறது. ஈகோவைத் தொட்டுவிட்டார்கள் வேறு. கடைசிவரைக்கும் பார்த்துடலாம் என்று போகலாம். இல்லையா, அரசாங்கமே வாங்க வரும்போது நல்ல விலை சொல்லலாம். பத்தாயிரத்துக்கு வாங்கியதை ஐம்பதாயிரம் கேட்டிருந்தாலும் வியாபாரத்தில் அது தப்பில்லை.

அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் (முதலமைச்சரை அப்போது அப்படித்தான் சொல்வார்கள்). கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். பாரதி படைப்புகளை அரசே வாங்கி மக்களுக்குக் கொடுப்பது என்று முடிவானது. டி.கே.சண்முகம், நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம், அ.சீனிவாசராகவன் ஆகியோர் நெல்லைக்கே போய் செல்லம்மா பாரதியைப் பார்த்து அவர் சம்மதத்தை வாங்கி வந்தார்கள். 1949-ல் அரசு உரிமையைப் பெற்றது. செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்குமாக 15,000 ரூபாய். விசுவநாதனுக்கு 15,000 ரூபாய்.

மெய்யப்பனுக்கு? ஒரு ரூபாய்கூட இல்லை. அவர் கேட்கவில்லை. தன்னிடம் இருந்த உரிமையை அப்படியே அரசிடம் இலவசமாகக் கொடுத்துவிட்டார். வழக்குக்கு வேலையே இல்லாமல் போனது. 1955-ல் அரசு பாரதி படைப்புகளை முழுசாகப் பொதுவில் விட்டது. இன்றைக்கு ஸ்கூல் ஆண்டுவிழாவில் இருந்து ரீல்ஸ் வரைக்கும் யார் வேண்டுமானாலும் பாரதி பாட்டைப் பாடலாம், யாரும் காப்பிரைட் ஸ்ட்ரைக் போட முடியாது. தாகூரின் எழுத்துகளுக்கு 2001 முடியும் வரை விஸ்வபாரதிதான் உரிமையாளர். அமெரிக்காவில் பிறந்தநாள் பாட்டுக்கே உரிமை கேட்டு, அது கோர்ட் வரைக்கும் போய் 2016-ல்தான் தீர்ந்தது. அதையெல்லாம் பார்க்கும்போது நம்ம கதை எவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்கிறது என்று புரியும்.

அவர் மனசு மாறியதற்கு என்ன காரணம்? தேசபக்தி என்பார்கள். இருக்கலாம், 'நாம் இருவர்' எடுத்த ஆள்தானே. பெயர் கெடுகிறதே என்ற கணக்கு என்றும் சொல்லலாம். ரெண்டும் கலந்துதான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. கணக்குப் பார்த்து விட்டுக்கொடுத்தால் அது சின்ன விஷயம் ஆகிவிடுமா என்ன? பத்தாயிரம் ரூபாய் அன்றைக்குச் சின்னக் காசு இல்லை. மெட்ராஸில் ஒரு வீடே வாங்கலாம்.

ஒல்லிப் பையனும் பிடிவாதக்காரப் பெருமாளும்

ஸ்டுடியோ அதற்குள் காரைக்குடியில் இருந்து சென்னைக்கு இடம் மாறியிருந்தது. இப்போது 'பராசக்தி'க்கு வருவோம்.

வேலூர்க்காரர் பி.ஏ.பெருமாள், நேஷனல் பிக்சர்ஸ் அதிபர். ஒரு நாடகத்தில் கணேசன் நூர்ஜஹானாகப் பெண் வேஷம் கட்டி நடித்ததைப் பார்த்து அசந்துபோனவர். ஏவி.எம்மோடு சேர்ந்து 'பராசக்தி'யை ஆரம்பித்தபோது, இந்தப் பையன்தான் ஹீரோ என்று மாசம் 250 ரூபாய் சம்பளத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். வசனம் கருணாநிதி. இயக்கம் கிருஷ்ணன் – பஞ்சு.

மெய்யப்பனுக்கு கணேசனைப் பிடிக்கவில்லை. ஸ்க்ரீனில் எடுபடாது என்று நினைத்தார். அவர் மனசில் இருந்தது கே.ஆர்.ராமசாமி. அன்றைக்கு மேடையிலும் திரையிலும் பெயர் எடுத்தவர். வியாபாரமாகப் பார்த்தால் அது தப்பான யோசனையும் இல்லை. ஷூட்டிங் ஆரம்பித்து சில ஆயிரம் அடி ஓடிய பிறகும் ஹீரோவை மாற்றும் பேச்சு நிற்கவில்லை. ஒரு புது நடிகன், தன்னைத் தூக்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே தினமும் மேக்கப் போட்டு கேமரா முன்னால் நிற்பதை யோசிச்சுப் பாருங்க. புரொபேஷன் பீரியடில் இருப்பவர்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும்.

பெருமாள் அசையவே இல்லை. ஸ்டுடியோ மெய்யப்பனுடையது, செல்வாக்கு மெய்யப்பனுடையது. ஆனாலும் தான் கொண்டுவந்த ஆளை நடுவில் விட மாட்டேன் என்று நின்றார். கடைசியில் மெய்யப்பன்தான் இறங்கி வந்தார்.

இங்கேதான் நம்மில் பலர் சறுக்குவோம். மேலிடம் வாயளவில் ஓகே சொல்லிவிட்டு, உள்ளுக்குள் அந்த ஆள் எப்போ கவிழ்வான் என்று காத்திருக்கும் பாருங்க, அதைவிடக் கொடுமை எதுவும் இல்லை. மெய்யப்பன் அப்படிச் செய்யவில்லை. கணேசன் கொஞ்சம் உடம்பு தேறி, நடிப்பும் கேமராவுக்குப் பழகிய பிறகு, முதலில் எடுத்த காட்சிகளைத் திரும்ப எடுக்கவைத்தார்கள். பிலிம் சுருள் காசு கொட்டி வாங்கும் காலம் அது. வேண்டாம் என்று சொன்ன ஆளுக்காக, திரும்பவும் செலவு. 1952 தீபாவளிக்கு, அக்டோபர் 17-ல் படம் வந்தது. வெள்ளிவிழா. படத்தைத் தடை செய்யணும் என்று ஒரு பக்கம் கூச்சல், இன்னொரு பக்கம் தியேட்டர் வாசலில் கூட்டம். தமிழ் சினிமாவே அதற்கு அப்புறம் வேற மாதிரி பேச ஆரம்பித்தது.

சிவாஜி அந்த நன்றியை மறக்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வேலூரில் பெருமாள் வீட்டுக்குப் போய் மரியாதை செய்வதை வழக்கமாக வைத்திருந்தார். அது பெருமாளுக்கு. மெய்யப்பனோடும் அவர் கணக்கைத் தீர்த்துக்கொண்டே இருக்கவில்லை. தொடர்ந்து ஏவி.எம் படங்களில் நடித்தார்.

அதில் ஒன்று 1954-ல் வந்த 'அந்த நாள்'. இந்தக் கதையைக் கேளுங்க. இயக்குநர், வீணை எஸ்.பாலசந்தர். பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை. ஜப்பானின் 'ரஷோமோன்' பார்த்த பாதிப்பில் பிறந்த துப்பறியும் படம். முதலில் எஸ்.வி.சகஸ்ரநாமத்தை வைத்து எடுத்தார்கள், சரிவரவில்லை. அடுத்து கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என்.விஸ்வநாதனை வைத்து எடுத்தார்கள் (பின்னால் சத்யஜித் ரேயின் 'காஞ்சன்ஜங்கா'வில் நடித்தவர் இவர்). அதையும் பார்த்த மெய்யப்பன், இந்த ரோலுக்கு ஒரே ஒருத்தர்தான் என்று முடிவு செய்தார். யார் தெரியுமா? சிவாஜி கணேசன்! ரெண்டு வருஷத்துக்கு முன்னால் யாரை வேண்டாம் என்றாரோ, அதே ஆளுக்காக இப்போது பிடிவாதம் பிடித்தார்.

பாலசந்தர் ஒப்புக்கொள்ளவில்லை. எடுத்ததையெல்லாம் மறுபடி எடுப்பதா என்று அவருக்குக் கோபம். இந்தமுறை மெய்யப்பன் இறங்கி வரவில்லை. இறங்கியது இயக்குநர். பேச்சுவார்த்தையெல்லாம் அவ்வளவு மென்மையாக நடக்கவில்லை என்றுதான் கேள்வி. முதலாளி கையில் பணமும் நெகட்டிவும் இருக்கும்போது, அதைச் சமரசம் என்று முழுசாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தியேட்டரில் படம் பெரிசா ஓடவில்லை, ஆனால் அந்த வருஷ தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. இன்றைக்கும் தமிழின் சிறந்த படங்கள் லிஸ்ட் போட்டால் அதில் 'அந்த நாள்' இருக்கும். விஸ்வநாதன் நடித்த பிரதி எப்படி இருந்திருக்கும் என்று சினிமா பைத்தியங்கள் நாங்கள் சிலர் இன்னும் ஏங்கிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிச் சேர்ந்தும் முட்டியும்தான் அந்த ஸ்டுடியோ ஓடியது. முட்டியவர்கள் எல்லாரும் தங்கிவிடவில்லை. 'களத்தூர் கண்ணம்மா'வை ஆரம்பித்த இயக்குநர் டி.பிரகாஷ் ராவ் நடுவிலேயே விலகினார். ஏ.பீம்சிங் வந்து முடித்துக் கொடுத்தார். பிறகு 'பார்த்தால் பசி தீரும்' படத்தை ஏவி.எம்முக்கு எடுத்தவரும் பீம்சிங்தான். அதே 'களத்தூர் கண்ணம்மா'வில் குழந்தை வேஷத்துக்கு இந்தியில் புகழ்பெற்ற டெய்ஸி இரானியை மனதில் வைத்திருந்தார்கள். அந்த நேரம் தெரிந்த டாக்டர் ஒருவரோடு ஒரு குட்டிப் பையன் ஏவி.எம் வீட்டுக்கு வந்தான். மகன் சரவணனுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போய், அப்பாவிடம் கூட்டிப்போனார். மெய்யப்பன் நடித்துக்காட்டச் சொல்லிப் பார்த்தார். போட்ட திட்டத்தை மாற்றினார். அந்தப் பையன் கமல்ஹாசன். வீட்டில் இளையவர் சொல்வதைக் கேட்டுத் திட்டத்தை மாற்றும் அப்பாக்கள் 1960-ல் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், சொல்லுங்க. இப்பவே எத்தனை பேர்?

அரசியலில் எதிரும் புதிருமாக நின்றவர்களும் இந்த ஒரே கேட்டுக்குள் வந்து வேலை பார்த்தார்கள். அண்ணா கதை எழுதிய 'ஓர் இரவு', கருணாநிதியின் 'பராசக்தி', எம்.ஜி.ஆரின் 'அன்பே வா', ஜெயலலிதா, தெலுங்கில் என்.டி.ஆர் என்று ஐந்து முதலமைச்சர்கள் ஏவி.எம் படங்களில் பணிபுரிந்திருக்கிறார்கள். காங்கிரஸ் சுதந்திர உணர்வில் 'நாம் இருவர்' எடுத்த அதே மெய்யப்பன்தான், அந்தக் காங்கிரஸ் ஆட்சியையே கேள்வி கேட்ட 'பராசக்தி'க்கும் துணை நின்றார்.

'களத்தூர் கண்ணம்மா' ரிலீஸ் ஆனது 1960 ஆகஸ்ட் 12. ஏவி.மெய்யப்பன் இறந்தது 1979 ஆகஸ்ட் 12. வயது 72. 'பராசக்தி'யின் பொன்விழாவை ஒட்டி, சிவாஜியை வைத்து முதல் ஷாட் எடுத்த இடத்தில் மெய்யப்பனின் பிள்ளைகள் ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள். திறந்துவைத்தவர் கமல்ஹாசன். ஏவி.எம் ஸ்டுடியோவுக்குள், மெய்யப்பன் வேண்டாம் என்று சொன்ன அதே ஆளின் முகம் அங்கே இருக்கிறது.